நானும் நண்பனும் பாரிஸில் என் சித்தப்பா வீட்டில் 14 நாள் தங்கப் போகிறோம். கொழும்பிலிருந்து வெளிக்கிட முன் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் நண்பனுடைய அலுவலைப் பாருங்கள். சித்தப்பாவுக்கு நீங்கள் பெறாமகன், கூட வருகிறவர் ஆரோ ஒருவர். ஆனால் தன் வீட்டில் தங்க வருகிற இரண்டு பேருக்கும் அவர்தான் பொறுப்பெடுக்க வேண்டும்.

அவர் தன் பகுதி மெறியில் (நகரசபை) எடுத்து அனுப்பும் வரவேற்புச் சான்றில்தான் (தன் வீட்டில் தங்க வைப்பதாக, விசாவுக்குக் காட்டும் பத்திரம்) பலர் கோட்டை விடுகிறார்கள். கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் என்றால் ஒரே சான்றில் போடலாம். நண்பனைப் போட முடியாது. அவருக்குத் தனிச் சான்று, தனியாக 30 யூரோ முத்திரை. மெறி மறுத்தாலும் அந்தக் காசு திரும்பி வராது. வீட்டுப் பத்திரம், சம்பளச் சீட்டு, வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற விபரம் எல்லாம் கொடுத்து, வருகிறவரால் செலவைத் தாங்க முடியாவிட்டால் தான் பார்ப்பதாகக் கையெழுத்தும் வைக்க வேண்டும். முன்பின் தெரியாத பொடியனுக்காக ஒருவர் இதைச் செய்வது சின்ன விசயமில்லை. இரண்டு பேருடைய கடவுச்சீட்டுப் பிரதியையும் திகதிகளையும் ஒன்றாக அனுப்பி, 60 யூரோவையும் நீங்களே கொடுங்கள். மூலச் சான்று தபாலில் வந்துசேர நாள் விட்டு வையுங்கள்.

விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. சான்று இருந்தால் நாளுக்கு 32.50 யூரோ வீதம், 14 நாளுக்கு ஆளுக்கு 455 யூரோ காட்டினால் போதும். கடைசிக் கிழமையில் கைமாற்று வாங்கிப் போட்ட காசு வங்கிக் கூற்றில் துருத்திக்கொண்டு நிற்கும், சந்தேகமும் அங்கேதான் வரும். இதைச் சொல்லாமல் விட மனமில்லை: இணையத்தில் இலவசமாகக் கிடக்கிற விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கக் கொழும்பில் சில முகவர்கள் கறக்கிற காசு பெரிய அநியாயம். பொய் வங்கிக் கூற்று செய்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிடிபட்டால் நிராகரிப்பு உங்கள் பெயரில்தான் விழும்.

பெட்டிக்குள் இறைச்சி, நெய், பால்மா வைக்காதீர்கள், பறித்துவிடுவார்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் எல்லாம் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போகாது. சித்தி எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் உடுப்புக்குள் ஒளிக்க வேண்டாம். தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்குத் தடையில்லை. கருவாடு, மாசி 20 கிலோ வரை கொண்டுபோகலாம். கறித்தூளை இரண்டு பைக்குள் போட்டு ஒட்டுங்கள், ஒரு பை வெடித்தால் பெட்டி முழுக்க மஞ்சள்.

"சொந்தக்காரர் வீட்டுக்குப் போக இவ்வளவு கணக்கா?" என்று கேட்பீர்கள். போய்வந்து, "வெளிநாடு போனதும் ஆக்கள் மாறிப்போச்சினம், ஒருநாளும் வெளியில கூட்டிக்கொண்டு போகேல்லை" என்று குறை சொல்லுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அங்கே உணவகத்தில் நிற்கிறவர் மத்தியான வேலை முடித்து, இடையில் சில மணித்தியாலம் விட்டு, திரும்ப நடுச்சாமம் வரை நிற்பார். அவரை லீவு போட வைக்காதீர்கள். சார்ல் து கோல் விமான நிலையத்தில் எர்.இ.எர். பி ரயில் ஏறினால் கார் து நோர் நிலையம் வரும், அங்கிருந்து லாச்சப்பல் தமிழ்க் கடைகளுக்கு நடந்தே போகலாம்.

வீட்டுக்குள் கவனம் தேவை. பல மாடிவீடுகளில் சுடுதண்ணி மின்தாங்கியில்தான், அது குறைந்த கட்டணம் ஓடும் இரவு நேரத்தில் சூடாகும். பகலில் நீங்கள் இரண்டு பேரும் நின்று நின்று குளித்தால், வேலை முடிந்து வருகிற சித்தப்பாவுக்குப் பச்சைத்தண்ணிதான். ஆளுக்கு ஐந்து நிமிடம், சவர்க்காரம் போடும்போது குழாயைப் பூட்டுங்கள். குளிக்கிற தொட்டிக்கு வெளியே தண்ணி போக வழி பெரும்பாலும் இருக்காது. நம் ஊர்ப் பழக்கத்தில் அள்ளி ஊற்றினால் கீழ்வீட்டு முகட்டில் கசியும், காப்புறுதிக்கு எழுதி அலையப்போவது அவர்தான். பொரியல் என்றால் குசினிக் கதவைச் சாத்தி யன்னலைத் திறவுங்கள். இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் கூடாது.

திறப்பு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாசல் கதவை இழுங்கள், பல கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும். படுக்கும்போது உள்பக்கம் துவாரத்தில் திறப்பை விட்டால், பல பூட்டுகளில் வெளியிலிருந்து போடுகிற திறப்பு சுத்தாது. பூட்டுத் திறக்கிறவனைக் கூப்பிட்டால் நூற்றுக்கணக்கில் யூரோ கேட்பான்.