ஃபெரியா, சுரங்க ரயிலா?

கேள்வி: லண்டனில் பைக் வாடகைக்கு எடுத்து, மகனும் நானும் பிரான்ஸ் போகிறோம். கடலைக் கடக்க ஃபெரியா, ரயிலா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மழை கொட்டினால் ரயில், மற்றபடி ஃபெரிதான், ஐயா. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனிலிருந்து பிரான்ஸின் கலேக்கு, கடலடிச் சுரங்கம் வழியே வண்டியையும் ஏற்றிச் செல்லும் ரயில் 35 நிமிடம். ஆனால் பைக்காரருக்கு இருக்கை கிடையாது. வண்டியைக் கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டில் சாய்த்து, பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் சுரங்கத்தில் வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது?

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து கலேக்கு ஃபெரியில் சுமார் ஒன்றரை மணி நேரம். கீழ்த்தளத்தில் வண்டியைப் பட்டையால் இறுக்கிவிட்டு, மேலே போய்ச் சூடாகச் சாப்பிடலாம். பட்டைக்கும் சீட்டுக்கும் நடுவே பழைய துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். நான் வைக்கவில்லை, சீட் உறை கிழிந்து, தண்டம் கட்டினேன்.

எதில் போனாலும் பிரான்ஸ் விசா சோதனை இங்கிலாந்துக் கரையிலேயே நடக்கும். இறங்கியதும் வலப்பக்கம் ஓட்டுங்கள். டர்பன் பழக்கம் கையை இடப்பக்கமே இழுக்கும்.