மின்வாய் என்னும் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். கிரேக்க, லத்தீன் வேர்களிலிருந்து செய்ததால்தான் மேல்நாட்டுக் கலைச்சொற்கள் துல்லியமாக இருக்கின்றன, தமிழ்ச் சொற்கள் குழப்புகின்றன என்கிறார் என் சக ஆசிரியர். உண்மையா?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

கிரேக்க வேர் மட்டும் ஒரு சொல்லைக் காப்பாற்றிவிடாது. ஆக்சிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது. எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் நம்பி வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. கொள்கை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இந்தப் பள்ளத்தைத் தாண்டிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் கொல்லர் மகன், புத்தகம் கட்டும் தொழில் பழகியவர், கிரேக்கம் படித்தவரல்லர். கரைசலுக்குள் மின்சாரம் நுழையும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் (நாம் மின்வாய் என்பவை இவைதாம்) பெயர் தேடி, 1834இல் கேம்பிரிட்ஜில் இருந்த அறிஞர் வில்லியம் ஹியூவெலுக்குக் கடிதம் எழுதினார். 'நுழையும் வழி', 'வெளியேறும் வழி' என்ற பொருளில் சொற்கள் கைவசம் இருந்தன. ஆனால் மின்னோட்டத்தின் திசையைப் பற்றிய எண்ணமே நாளை மாறிவிட்டால்? அதனால் அவர் பூமியைப் பிடித்துக்கொண்டார். பூமியின் காந்தத்துக்குக் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் மின்னோட்டம் காரணம் என்று வைத்துக்கொண்டு, கரைசலையும் அதே போக்கில் கிடத்தினால், நுழையும் முனை சூரியன் ஏறும் பக்கம், வெளியேறும் முனை இறங்கும் பக்கம். ஹியூவெல் அதற்குத் தந்தவைதாம் ஆனோடு, கேத்தோடு: மேல்வழி, கீழ்வழி. (நிலத்தின் சாய்வைப் பார்த்துப் பெயரிட்ட நமக்கோ கீழ்தான் கிழக்கு, மேல்தான் மேற்கு!) எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் ஓடுவது பின்னால் தெரியவந்தும் அந்தச் சொற்களுக்கு ஒரு கீறலும் விழவில்லை.

நம் பாடநூலில் ஆனோடு நேர்மின்வாய் ஆயிற்று. மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் அது சரி. டார்ச்சுக்குப் போடும் பாட்டரியில் துத்தநாகக் கூடுதான் ஆனோடு. அதன் குறியோ எதிர். உங்கள் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். குற்றம் தமிழுடையது அன்று. ஃபாரடே வேண்டுமென்றே தவிர்த்ததை, மாறக்கூடிய ஒரு குறியை, நாம் பெயருக்குள் வைத்துவிட்டோம்.

மின்வாய் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வாய்க்கு வழி என்றும் வாயில் என்றும் பொருள் உண்டு. எலக்ட்ரோடு என்ற சொல்லுக்குள் இருக்கும் 'ஹோடோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் வழி என்பதே பொருள். மின்வாய் என்ற சொல்லைச் செய்தவர் யாரோ, வணங்கத் தக்கவர். நேர், எதிர் என்ற முன்னொட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, ஆனோடு மின்வாய், கேத்தோடு மின்வாய் என்று ஓராண்டு சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். மாணவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.