கோலாலம்பூரில் குப்பை எடுப்பதில் ‘2+1’ என்கிறார்களே, அது என்ன?

வாரத்தில் இரண்டு நாள் சமையலறைக் குப்பைக்கு லாரி வரும். இன்னொரு நாள் மறுசுழற்சிப் பொருள், தோட்டக் கழிவு, பழைய மெத்தை போன்றவற்றை எடுப்பார்கள். அவ்வளவுதான் 2+1.

2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூரில் கூட்டரசு (மத்திய அரசு) சட்டப்படி வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். தரை வீடுகளுக்கு (அடுக்குமாடி அல்லாதவை) 2016 ஜூனிலிருந்து அபராதமும் உண்டு. பினாங்கு மாநிலம் இந்தக் கூட்டரசுச் சட்டத்தில் சேரவில்லை. அங்கே மாநிலம் தன் வழியில் பிரிக்கச் சொல்கிறது.

ஏன் தனி நாள்? ஈரம்தான் காரணம். மீன் குழம்புக் கரண்டியைப் பாயசத்தில் விட்டால் பாயசம் முழுக்கப் போச்சு, இல்லையா? அதுபோல, மிச்சச் சோறும் சம்பலும் கசிந்து ஊறிய செய்தித்தாளை யாரும் காகிதமாக வாங்க மாட்டார்கள். பிறகு அதுவும் மண்ணில் புதைக்கத்தான் போகும். கோலாலம்பூர் குப்பை சிலாங்கூரின் புக்கிட் தாகார் வரை போய்ப் புதைகிறது. உணவுக் கழிவு அங்கே காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு கிளம்பும். தோட்டம் இருந்தால் காய்கறித் தோலை உரமாக்குங்கள். வாளி நாற்றமும் பாதி குறையும் (என் வீட்டில் குறைந்தது).

“பிரித்து வைத்தாலும் ஒரே லாரியில்தானே கொட்டுகிறார்கள்?” என்று பலர் கேட்பதுண்டு. சாதாரணக் குப்பை நாளில் வெளியே வைத்தால் அப்படித்தான் ஆகும்; மறுசுழற்சிப் பையை அதற்குரிய நாளில், வாளிக்குள் போடாமல் பக்கத்தில் வைக்க வேண்டும்.