ஒரே ஓடையின் நீர்: ஹானா சாலைப் பயணம் குறித்து வாசகர் கேள்விகள்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த மவுயி தீவில், ஹானா நெடுஞ்சாலை வழியே வழிகாட்டியுடன் செல்லும் ஒரு நாள் சுற்றுலாவைப் பற்றி நான்கு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். நான்கு கடிதங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் அவற்றுக்கு இங்கே சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் மகனிடம் வந்திருக்கிறோம். நாங்கள் இருவர், மகன், மருமகள், ஐந்து வயதுப் பேத்தி என ஐந்து பேராக மவுயி செல்லவிருக்கிறோம். சுற்றுலா வேனுக்கு ஐவரும் கொடுக்கும் தொகையில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றிவிடலாம் என்கிறான் மகன். எது நல்லது? (வாசகர், திருச்சி)

பதில்: செலவைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வது சரியே. ஆனாலும் உங்கள் குடும்பத்துக்கு நான் வேனையே பரிந்துரைப்பேன். காரணம் அந்தச் சாலைதான். கஹுலுயி நகரிலிருந்து ஹானா ஊர் ஏறத்தாழ 84 கிலோமீட்டர்தான் என்றாலும், எங்கும் நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். வழியில் அறுநூறுக்கும் மேற்பட்ட வளைவுகளும் 59 பாலங்களும் இருக்கின்றன. அப்பாலங்களில் 46 ஒரே ஒரு வண்டி மட்டும் செல்லக்கூடிய அகலம் கொண்டவை. 1926-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலையும் பாலங்களும் வரலாற்றுச் சின்னங்களாகப் பாதுகாக்கப்படுவதால் அவற்றை அகலப்படுத்துவதும் எளிதன்று. காரை ஓட்டுபவர் எதிரே வரும் வண்டியையும் அடுத்த வளைவையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காடுமாக விரியும் காட்சி மற்றவர்களுக்குத்தான். உங்கள் மகனும் அந்த நாளை உங்களோடு இருந்து அனுபவிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்கள் அல்லவா?

வழிகாட்டியுடன் போவதால் கிடைக்கும் இன்னொரு நன்மையைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சாலையிலிருந்து தென்படும் அருவிகளில் பல தனியார் நிலத்தில் இருப்பவை. யாரோ இணையத்தில் போட்ட படத்தை நம்பி வேலியைத் தாண்டிச் செல்வதும், பாலத்தின் முனையில் காரை நிறுத்துவதும் அங்கே வாழும் மக்களுக்குத் தீராத தொல்லையாகிவிட்டன. நல்ல வழிகாட்டி அனுமதி பெற்ற இடத்தில் மட்டுமே வண்டியை நிறுத்துவார். ஆகவே பதிவு செய்வதற்கு முன், "நீந்துவதற்கு எங்கே அழைத்துச் செல்கிறீர்கள், அது யாருடைய நிலம்?" என்று கேளுங்கள். இதற்குத் தெளிவான விடை சொல்லாத நிறுவனத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பேத்திக்கு உரிய குழந்தை இருக்கை கிடைக்குமா என்பதையும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சில வேன்கள் போன வழியே திரும்பிவிடும். சில தீவின் தென்புறத்தைச் சுற்றிக்கொண்டு வரும். தென்புறச் சாலை சில இடங்களில் தார் இல்லாத குறுகலான பாதை. முதுகுவலி உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. உடல் ஒத்துழைத்தால் அந்தச் சுற்றுக்கென்று தனி அழகு உண்டு. வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று 3,055 மீட்டர் உயரமுள்ள ஹலேயாகலா எரிமலையில் மோதித் தன் மழையையெல்லாம் ஹானா பக்கத்திலேயே கொட்டிவிடுவதால், மலையைச் சுற்றி மறுபுறம் சென்றதும் அடர்காடு மறைந்து காய்ந்த புல்வெளியும் எரிமலைக் கல்லும் தொடங்குவதை ஒரே நாளில் கண்ணாரக் காணலாம்.

வளைவுகளில் தலைசுற்றும் வழக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அதற்குரிய மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் பயன் குறைவு.

கேள்வி: எனக்கு வயது 58. நீச்சல் தெரியாது. குற்றாலத்தில் எத்தனையோ முறை அருவிக்கு நேர் கீழே நின்று குளித்திருக்கிறேன். ஹானா வழியில் உள்ள அருவிகளிலும் அப்படிக் குளிக்கலாமா? என்ன உடை அணிய வேண்டும்? (வாசகி, தென்காசி)

பதில்: கூடாது அம்மா. இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். குற்றாலத்தில் நாம் பாறைத் தளத்தில் நின்று, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்க, காவலர் பார்த்திருக்கக் குளிக்கிறோம். மவுயியில் நீங்கள் பார்க்கப்போகும் அருவிகளின் அடியில் பெரும்பாலும் மடுதான் இருக்கும். அதன் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. காவலரும் இருக்க மாட்டார். மேலிருந்து நீரோடு கல்லும் விழலாம். அண்டைத் தீவான ஓவாஹுவில், புனித அருவி என்று பெயர் பெற்ற இடத்தில், 1999 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்குத்துப் பாறைச் சரிவிலிருந்து பெயர்ந்த கற்கள் கீழே இருந்தவர்கள் மீது விழுந்ததில் எட்டுப் பேர் இறந்தனர். அந்தப் பூங்கா அன்று மூடப்பட்டது. பிறகு மக்களுக்குத் திறக்கப்படவே இல்லை. அருவியின் கீழே போய் நிற்க வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால், அதை இந்த நிகழ்ச்சியோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக நீங்கள் கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. மடுவின் ஓரத்தில், அடி தெரியும் இடத்தில், முழங்கால் அளவோ இடுப்பளவோ நீரில் இறங்கி நிற்கலாம். மிதவைச் சட்டை கொடுப்பார்களா என்று முன்பே விசாரித்து, கொடுத்தால் ஆழமில்லாத இடத்திலும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மலையிலிருந்து இறங்கும் நீர் நன்றாகக் குளிரும் என்பதால், ஒரேயடியாக இறங்காமல் காலை முதலில் நனைத்துச் சற்று நேரம் கழித்து இறங்குவதே நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வானத்தைப் பற்றிய எச்சரிக்கை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். அதே நேரம் மலையின் மேற்சரிவில் பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். ஹலேயாகலாவின் அந்தச் சரிவில் உள்ள ஒரு சதுப்பு நிலத்தில் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. உலகிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களின் வரிசையில் வைக்கப்படும் இடம் அது. அந்த நீர் செங்குத்தான குறுகிய ஓடைகளின் வழியே சில நிமிடங்களில் கீழே வந்து சேர்ந்துவிடும். தெளிந்திருந்த நீர் கலங்கிப் பழுப்பாவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, மேலேயிருந்து இரைச்சல் கேட்பது, கரையில் பார்த்து வைத்த கல் மூழ்குவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேறி மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். செருப்பையோ பையையோ எடுக்கத் திரும்பக் கூடாது. அக்கரையில் மாட்டிக்கொண்டால் ஓடையைக் கடக்க முயலாமல், நீர் வடியும்வரை அங்கேயே உயரமான இடத்தில் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு நீச்சல் இல்லை என்று வழிகாட்டி முடிவெடுத்தால் மனம் வருந்தாதீர்கள். பணம் கொடுத்தவர்கள் வற்புறுத்துவதற்கு இணங்காத வழிகாட்டியே நமக்கு வேண்டியவர்.

ஹவாயின் நன்னீர் ஓடைகளில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இருக்கக்கூடும். காலிலோ கையிலோ ஆறாத புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். நீரை விழுங்காமலும் முகத்தை அமிழ்த்தாமலும் இருங்கள். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், ஓடையில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புடவையும் துப்பட்டாவும் தளர்வான பருத்திச் சுடிதாரும் நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். உடலை ஒட்டிய, விரைவில் உலரும் துணியில் முழுக்கால் உடையும் முழுக்கைச் சட்டையும் அணிந்தால் கூச்சமும் இராது, வெயிலும் படாது. ரப்பர்ச் செருப்பு பாசிப் பாறையில் வழுக்கும். பிடிப்புள்ள நீர்க் காலணி தேவை. வெயில் களிம்பு பூசுவதாக இருந்தால் துத்தநாகம் அல்லது டைட்டானியம் ஆக்சைடு கொண்ட கனிமக் களிம்பு மட்டுமே. மற்ற வகைகளை விற்பதையும் பூசுவதையும் மவுயி மாவட்டம் 2022 அக்டோபர் முதல் தடை செய்திருக்கிறது. சில பயணத் திட்டங்களில் "ஏழு புனிதக் குளங்கள்" என்று குறிப்பிடப்படும் ஓஹேயோ குளங்கள் ஹலேயாகலா தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அங்கே நீந்துவதற்கு அனுமதி இல்லை, பார்த்து வரலாம்.

கேள்வி: சுற்றுலா நிரலில் அருவிக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். பண்ணை, பழக்கடை, கிழங்கு வயல் என்று மூன்று இடங்களில் நிறுத்துகிறார்கள். இது நம்மைப் பொருள் வாங்க வைக்கும் உத்திதானே? அவற்றைத் தவிர்த்துவிட்டு அருவியில் கூடுதல் நேரம் இருக்க முடியாதா? (வாசகர், சேலம்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. தரகுக்காகவே கடைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் சுற்றுலாத் தொழிலில் எங்கும் உண்டு. ஆயினும் இந்தச் சாலையில் மட்டும் பண்ணை நிறுத்தங்களைத் தவிர்க்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் நீந்தும் அருவியின் நீர் எங்கே போகிறது என்பதை அந்த வயல்களில்தான் காண்பீர்கள்.

கேயனை என்னும் சிறு தீபகற்பத்தில் வேன் நிற்கும்போது, சதுரம் சதுரமாக நீர் கட்டிய பாத்திகளில் அகன்ற இலைகளோடு ஒரு பயிர் நிற்கும். முதலில் நெல்வயல் என்றே தோன்றும். உற்றுப் பார்த்தால் அது நம் வீட்டுச் சேப்பங்கிழங்கு. ஹவாய் மக்கள் அதைக் 'கலோ' என்பார்கள். வெளியுலகம் 'டாரோ' என்கிறது. அவித்து இடித்துக் குழைத்த அதன் கூழான 'பொய்' அம்மக்களின் அடிப்படை உணவு. வேகாத கிழங்கு நாக்கையும் தொண்டையையும் அரிப்பது அங்கேயும் அப்படியே. அவர்களுடைய தொல்கதையில், வான் தந்தைக்கு இறந்து பிறந்த முதல் மகனைப் புதைத்த இடத்தில் இந்தப் பயிர் முளைத்தது. அதன் பிறகு பிறந்த இரண்டாம் மகனின் வழியில்தான் மனிதர்கள் வந்தார்கள். ஆகவே சேப்பங்கிழங்கு அவர்களுக்கு அண்ணன் முறை. குடும்பத்தைக் குறிக்கும் 'ஓஹானா' என்ற அவர்களது சொல்லும், தாய்க்கிழங்கின் பக்கத்தில் வெடிக்கும் பக்கக்கன்றின் பெயரிலிருந்து பிறந்ததே.

அந்த அண்ணனுக்கு ஓடும் நீர் வேண்டும். அதுவும் குளிர்ந்த நீராக இருக்க வேண்டும். பாத்தி நீரின் வெப்பம் 25 பாகையைத் தாண்டினால் கிழங்கு அழுகத் தொடங்கும் என்பதால், ஓடையிலிருந்து ஒரு பக்கம் வந்து மறுபக்கம் ஓடைக்கே திரும்பும்படி வாய்க்கால் அமைத்திருக்கிறார்கள். தேங்கினால் பயிர் போயிற்று. இந்நிலையில் 1870களில், தீவின் நடுவே இருந்த வறண்ட சமவெளியில் கரும்பு பயிரிட்ட முதலாளிகள், கிழக்கு மவுயியின் ஓடைகளைக் கால்வாய் வெட்டித் தங்கள் தோட்டங்களுக்குத் திருப்பினார்கள். சாலையோரம் கவனித்தால் அந்தக் கால்வாய்களும் மதகுகளும் இன்றும் தென்படும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பல ஓடைகள் கடலைச் சேராமல் வறண்டன. கீழே இருந்த உழவர்களில் பலர் வயலைக் கைவிட்டார்கள். எஞ்சியவர்கள் 2001-இல் 27 ஓடைகளின் நீரைக் கேட்டு மாநில நீர்வள ஆணையத்திடம் மனுச் செய்து, விடாமல் போராடினார்கள். 2016 டிசம்பரில் ஹவாயின் கடைசிக் கரும்பு நிறுவனம் தன் இறுதி அறுவடையை முடித்தது. 2018 ஜூனில் பத்து ஓடைகளுக்கு முழு நீரோட்டத்தையும் திருப்பித் தர ஆணையம் உத்தரவிட்டது. காவிரி நீருக்காகக் கடைமடையில் காத்திருப்பவர்களைப் பற்றி அறிந்த நமக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. அடுத்த முறை அருவியின் முன் நிற்கும்போது, அது விழுவதற்கே ஒரு சிற்றூரின் வழக்கு காரணமாக இருந்திருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேயனை ஊர் 1946 ஏப்ரல் முதல் நாள் வந்த ஆழிப்பேரலையில் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. எரிமலைக் கல்லால் கட்டிய தேவாலயம் ஒன்று மட்டும் தப்பி நின்றது. இன்று அந்த வயல்களில் நிற்பவர்கள் அதன் பிறகு ஊரை மீண்டும் கட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். வரப்பில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். வழிகாட்டி அனுமதிக்கும் இடத்திலிருந்து பாருங்கள்.

பழக்கடைகளில் பல ஆளில்லாதவை. பழங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். விலையைப் படித்துப் பணத்தை அதில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சில்லறை டாலர் நோட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். இளநீர், கரும்புச்சாறு, பேஷன் பழம், ஈரப்பலா, கேயனையில் சுடச்சுடக் கிடைக்கும் வாழைப்பழ ரொட்டி ஆகியவற்றில் இறைச்சி இல்லை என்பதால் உங்கள் மதிய உணவுக் கவலையும் பாதி தீரும். ரொட்டியில் முட்டை சேர்த்திருக்கக்கூடும்; முட்டையும் உண்ணாதவர்கள் கேட்டு வாங்குங்கள். பண்ணையில் பறித்த கீரையையும் இலைகளையும் மட்டும் கழுவாமல் பச்சையாகத் தின்ன வேண்டாம். நத்தை வழியே மனிதருக்கு வந்து மூளையுறையைத் தாக்கும் ஒரு புழு நோய் கிழக்கு மவுயியில் காணப்பட்டிருக்கிறது.

கேள்வி: பண்ணையில் வாங்கும் பழங்களைக் கலிபோர்னியாவுக்கு எடுத்துச் செல்ல முடியுமா? (வாசகி, சென்னை)

பதில்: சிலவற்றை மட்டும் எடுத்துச் செல்லலாம். ஹவாயில் உள்ள பழ ஈக்கள் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் பரவாமல் தடுப்பதற்காக, கஹுலுயி விமான நிலையத்தில் வேளாண் துறையினர் எல்லாப் பயணிகளின் பைகளையும் சோதிக்கிறார்கள். அன்னாசியும் தேங்காயும் சோதனைக்குப் பின் அனுமதிக்கப்படும்; வறுத்த காப்பிக்கொட்டைக்கும் பதப்படுத்திய மகடாமியாக் கொட்டைக்கும் தடையில்லை. கரும்புத் துண்டு, மண் ஒட்டிய செடி, காப்பிச் செடியின் பச்சைப் பழம் ஆகியவை கூடவே கூடாது. பெயர் தெரியாத பழம் எதையாவது ஆசைப்பட்டு வாங்கிவிட்டால், வேனிலேயே பகிர்ந்து தின்றுவிடுங்கள். கொட்டையையும் தோலையும் சாலையோரக் காட்டில் எறியாமல் ஒரு பையில் கட்டி வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள்.