வியாசர்பாடி எங்களுக்கு ஊர்தான்

கேள்வி: உங்கள் சொந்த ஊருக்குப் பெருமை சேர்த்தவர் யார்? (சென்னைக்காரர்கள் மன்னிக்கவும், உங்களுக்கு ஊர் கிடையாது!)

அந்த அடைப்புக்குறியைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் பொங்கலுக்குப் பேருந்து பிடித்துப் போக ஒரு வீடும், எல்லையில் ஒரு கோயிலும் உள்ளவராக இருப்பீர்கள். நல்லது. என் தாத்தா பின்னி மில் வேலைக்கு வந்தவர், நைனா பிறந்தது வடசென்னை வியாசர்பாடி, நானும் அங்கேதான் பிறந்தேன். மூன்று தலைமுறையாக இருக்கும் இடத்துக்கு ஊர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

சரி, பதிலுக்கு வருகிறேன். இளவழகி. 2008-ல் பிரான்சில் நடந்த உலக கேரம் சாம்பியன்ஷிப்பில் மகளிர் பட்டம் வென்றவர். வியாசர்பாடிப் பெண். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர்.

என் நைனாவும் மீன்பாடி வண்டிதான் ஓட்டினார். முன்னால் பலகை, அதில் மீன் கூடையோ சிமெண்ட் மூட்டையோ எது கிடைக்கிறதோ அது. நான் அப்போது கிண்டிப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தில் வீட்டு முகவரியைப் பெரம்பூர் என்று போட்டிருந்தேன், ஏனென்றால் அதற்கு முன் இரண்டு இடங்களில் வியாசர்பாடி என்றதும் எதிரே உட்கார்ந்திருந்தவர் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் டிரான்ஸ்போர்ட் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சீனியர் அக்கா பேப்பரை விரித்துவைத்து, "பாருங்கப்பா, மீன்பாடி வண்டி ஓட்டறவர் பொண்ணாம், உலக சாம்பியன் ஆயிருக்கு, வியாசர்பாடியாம்" என்று படித்தார். எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. "எங்க ஊர்ப் பொண்ணு அது!" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் நிமிர்ந்து பார்த்து, "நீ பெரம்பூர்னு இல்ல சொன்ன?" என்றார். தயிர்சாதத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், நைனாவின் வண்டி உட்பட. அந்த அக்கா ஒன்றுமே சொல்லாமல் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து என் பையில் வைத்தார்.

வீட்டுக்குப் போனால் நைனா அதே படத்தை டீக்கடைப் பேப்பரிலிருந்து கேட்டு வாங்கி வந்து, பீரோ கதவின் உள்பக்கம் சோற்றுப் பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். ஹேண்டில் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையால் அதை மெதுவாகத் தடவித் தடவி அழுத்தினார். என் பையில் இருந்ததை அன்று நான் வெளியே எடுக்கவில்லை.

எங்கள் பக்கம் ஏன் இத்தனை கேரம் என்று கேட்பவர்கள் அந்த வீடுகளைப் பார்த்ததில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருந்தால் பிள்ளைகள் தெருவில்தான் இருப்பார்கள். ஒரு போர்டு, மேலே தொங்கும் ஒரு பல்பு, ஒரு டப்பா பவுடர் இருந்தால் நான்கு பேர் ஆடலாம், நாற்பது பேர் நின்று பார்க்கலாம். ரெட் காயைக் குழியில் போட்டவுடன் ஃபாலோவாகத் தன் காயில் ஒன்றைப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் ரெட் திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு அடிக்கு எங்கள் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்.

மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர், அவரை ஏன் முதலில் சொல்லவில்லை என்று யாராவது வருவீர்கள். சென்னைக்கே அவர் பெருமைதான், ஆனால் கேள்வி என் ஊரைப் பற்றியது. கால்பந்தை விட்டுவிட்டாய் என்றும் சொல்வீர்கள். விடவில்லை. இந்தியாவுக்கு ஆடிய தன்பால் கணேஷ் எங்கள் ஆள், நந்தகுமாரும் எங்கள் ஆள். 2023 டூரண்ட் கோப்பைக் கால்பந்தில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில்தான் ஈஸ்ட் பெங்கால் நான்கரை ஆண்டுக்குப் பிறகு அந்த டெர்பியை, கல்கத்தாவின் இரண்டு பரம எதிரி அணிகள் மோதும் ஆட்டத்தை, ஜெயித்தது. கல்கத்தாவே கொண்டாடியது.

ரவுடிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். ஆனால் சினிமாவில் எங்கள் தெருவைக் காட்டினால் எப்போதும் கத்தி, எப்போதும் சந்தில் ஓட்டம். கணக்குப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒன்றுகூடக் கிடைக்கவில்லையா உங்களுக்கு? இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு மகள் கல்லூரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று தென்சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்தோம். அட்வான்ஸ் வரை பேசிய வீட்டுக்காரர் ஆதார் அட்டையில் எங்கள் ஊர் பின்கோடு 600039 என்று பார்த்ததும், வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த மாதமும் அந்த வீட்டு வாசலில் டூலெட் போர்டு தொங்கியது. என் சம்பளச் சீட்டை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் வியாசர்பாடியிலேயே இருந்துவிட்டோம். 2024-ல் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார், ஆட்டோ ஓட்டுநர் மகள். அந்தப் படத்தை என் மகள் வெட்டி, அதே பீரோ கதவில், பழுத்துப்போன இளவழகி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நைனாவுக்குக் கண் சரியில்லை, யாரும்மா இது என்று கேட்டார். படித்துக் காட்டினோம், இரண்டு தடவை.