பதில்: நெல்சன் எழுதியதை ஆய்வேட்டில் அப்படியே போடலாமா?

தம்பி, காரைக்குடிப் பக்கம் உங்கள் ஊர் வரலாற்றை எழுதுகிறீர்கள். 1868இல் வந்த நெல்சனின் மதுரை மாவட்டக் கையேடு கள்ளர்களைத் திருடர்கள் என்கிறது, நெறியாளர் அதை அப்படியே மேற்கோள் காட்டச் சொல்கிறார், தாத்தா படித்தால் நொந்துபோவார் என்று கேட்டிருந்தீர்கள்.

மேற்கோள் காட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னாலேயே நெல்சன் யார் என்று எழுதிவிடுங்கள். அவர் சென்னை ராஜதானியின் சிவில் அதிகாரி. அரசு உத்தரவின் பேரில் தொகுத்த நூல் அது. வரி வசூலிக்கவும் ஊரை அடக்கவும் வரும் கலெக்டருக்காக எழுதியது.

அப்புறம், அந்தச் சொல் என்ன செய்தது என்று காட்டுங்கள். சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை ராஜதானிக்கும் வந்தது. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடம் கைரேகை எடுத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். போலீஸ்காரர்களுக்கும் அந்த முறையைக் கற்றுக்கொடுத்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

உங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கமானது ஒன்று உண்டு. 1801இல் மருது சகோதரர்களை எதிர்த்து, சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்று கம்பெனிப் படை வாரக்கணக்கில் திணறியது. அந்தப் போரில் கம்பெனிப் படை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்னும் வளைந்த எறிதடியை வீசவும் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று தானே எழுதியிருக்கிறார். நெல்சனுக்குப் பக்கத்தில் இதையும் வையுங்கள். தாத்தா சொல்வதையும் தேதி போட்டுப் பதிவு செய்து, அதே அத்தியாயத்தில் சேருங்கள்.