வெள்ளத்தில் தவிக்கும் சகோதர நகரத்துக்கு எதை அனுப்புவது?

வணக்கம். ஆப்பிரிக்காவில் உங்கள் ஊர் நட்புறவு பூண்டுள்ள சகோதர நகரத்துக்கு வெள்ள நிவாரணமாகப் பழைய துணிகளையும் வீடுகளில் மீந்த மருந்துகளையும் திரட்டிவிட்டதாகவும், கப்பல் கட்டணம் கையைக் கடிப்பதாகவும், அவர்கள் பதிலுக்குத் தரவிருக்கும் கைவினைப் பரிசை ஏற்பதில் குழுவுக்குத் தயக்கம் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

மருந்துகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் வந்து குவிந்த சுமார் 4,000 டன் மருந்துகளில் பெரும்பகுதியின் பெயர்ச்சீட்டுகள் அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழிகளில் இருந்ததால், அவற்றைத் தரம் பிரிப்பதும் அழிப்பதுமே தனிச் சுமையாயிற்று. நோயாளிகளுக்கு வழங்கப்பட்டுத் திரும்பிய மருந்துகளை நன்கொடையாக அனுப்பக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது.

துணிகளை உங்கள் ஊரிலேயே விற்றுப் பணமாக்குங்கள். நீர் இறைக்கும் பம்பு வேண்டுமா, குளோரின் மாத்திரை வேண்டுமா, பள்ளிக்கூரைக்குத் தகடு வேண்டுமா என்பதை அந்நகராட்சியிடமே எழுத்து மூலம் கேட்டு, அருகிலுள்ள சந்தையில் அவர்களே வாங்கிக்கொள்ளும்படி நகராட்சியின் கணக்குக்குப் பணம் அனுப்பி, ரசீது பெறுவதே சரியான வழி. சுங்கச் சிக்கலும் எழாது.

பரிசைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள், மறுப்பதுதான் அவர்களை இரவலர் நிலைக்குத் தள்ளும். 1987இல் அமெரிக்காவின் போல்டர் நகரத்துடன் சகோதர நகரமாக இணைந்த தஜிகிஸ்தானின் துஷான்பே, தன் கைவினைஞர்கள் செதுக்கி வண்ணம் தீட்டிய தேநீரகம் ஒன்றையே பெட்டிகளில் அடைத்து அனுப்பியது. 1998இல் திறக்கப்பட்ட அதில் இன்றும் தேநீர் பரிமாறுகிறார்கள்.